கடலடி அலை அல்ல, உள்ளலை

அந்தமான் கடலின் ரேடார் படம் எங்கே வெளியானாலும் அதன் கீழே 'கடலடி அலைகள்' என்று போட்டுவிடுகிறார்கள். கூடவே 'செயற்கைக்கோள் கடலை ஊடுருவிப் படம்பிடித்தது' என்று ஒரு வரியும் வந்துவிடும். இரண்டும் தப்பு. முதல் தப்பிலிருந்துதான் இரண்டாவது முளைக்கிறது.

அந்தப் படத்தில் வரிவரியாகத் தடம் காட்டும் அலைக்கு ஆங்கிலத்தில் பெயர் 'இன்டர்னல் வேவ்'. 'உள்ளே இருப்பது' என்று பொருள்படும் லத்தீன் சொல் 'இன்டெர்னுஸ்'தான் வேர். மேலே வெதுவெதுப்பான, உப்புக் குறைந்த நீர். கீழே குளிர்ந்த, உப்புக் கூடிய நீர். இவ்விரண்டும் சந்திக்கும் அடுக்கில் எழும் அலை இது. பாதி எண்ணெயும் பாதித் தண்ணீரும் ஊற்றிய பாட்டிலை மெல்லச் சாய்த்தால் நடுக்கோடு நெளியுமே, அதுதான். 1893இல் ஆர்க்டிக் கடலில் நார்வே நாட்டு ஆய்வுப் பயணி நான்சென் சென்ற 'ஃப்ராம்' கப்பல் காரணம் தெரியாமல் வேகம் இழந்து தவித்தது. இப்படிப்பட்ட அலைதான் கப்பலைப் பிடித்து இழுத்தது என்று ஸ்வீடன் நாட்டுக் கடலியலாளர் எக்மன் 1904இல் விளக்கினார்.

சரி, 'கடலடி' என்றால் தமிழில் என்ன? கடலடிக் கேபிள், கடலடி எரிமலை: எல்லாம் தரையோடு தரையாக இருப்பவை. ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழம் போகும் அந்தமான் கடலில் இந்த அலை ஓடும் அடுக்கு மேலிருந்து சுமார் நூறு மீட்டருக்குள் இருக்கிறது. 1970களில் அங்கே எண்ணெய் தேடியபோது எடுத்த அளவீடுகளை வைத்து ஆஸ்போர்ன், பர்ச் என்ற இரு ஆய்வாளர்கள் 1980இல் எழுதினார்கள்: அறுபது மீட்டருக்கும் மேல் உயரமுள்ள உள்ளலைகள்! அவ்வளவு பெரிய அலையைத் தரையில் கொண்டுபோய்க் கிடத்துவது என்ன நியாயம்? 'ஆழலை' என்பதிலும் அதே கோளாறு. 'உட்புற அலை' என்றால் கட்டடத்தின் உட்புறம்தான் நினைவுக்கு வருகிறது. 'அக அலை' கொஞ்சம் தேவலை. ஆனால் சேர்த்து எழுதினால் 'அகவலை' ஆகிவிடும். படிப்பவர் மயில் அகவலையோ ஆசிரியப்பாவையோ நினைத்துக்கொள்வார். 'உள்ளலை'யில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும் என்ற நன்னூல் விதிப்படி உள்ளூர், உள்ளாடை போல இயல்பாகப் புணர்கிறது. பள்ளிப் பிள்ளைக்கும் சொன்னவுடன் புரியும்.

வெறும் பெயர்தானே என்று விட முடியவில்லை. 'அடி' என்று சொன்னதுமே ரேடார் அடிவரை பார்க்கிறது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நம் ரிசாட்-1 என்ற ரேடார் செயற்கைக்கோள் அனுப்பிய, ஐரோப்பாவின் சென்டினல்-1 அனுப்பும் நுண்ணலையின் (மைக்ரோவேவ்) நீளம் ஏறக்குறைய 5.6 சென்டிமீட்டர். அது உப்புநீருக்குள் சில மில்லிமீட்டர்கூடத் தாண்டிப் போகாது. ரேடார் பார்ப்பது கடலின் மேல்தோலில் உள்ள, சில சென்டிமீட்டர் நீளமே கொண்ட சிற்றலைகளை. அவற்றை எழுப்புவது காற்று. கீழே உள்ளலை ஓடும்போது மேல்நீர் ஓரிடத்தில் குவியும். அங்கே சிற்றலைகள் நெருங்கி எழும்பும், படத்தில் வெளிச்சப் பட்டை விழும். பக்கத்தில் நீர் விரியும். அங்கே சிற்றலைகள் அடங்கி, பட்டை கறுக்கும்.

ஆக, காற்று இல்லாவிட்டால் படமே இல்லை. வினாடிக்கு இரண்டு, மூன்று மீட்டருக்குக் கீழே காற்று படுத்துவிட்டால் சிற்றலையே எழாது. உள்ளே எவ்வளவு பெரிய அலை போனாலும் படம் முழுக்க ஒரே கறுப்புதான். வினாடிக்குப் பத்து மீட்டரைத் தாண்டினால் கடல் முழுக்கச் சொரசொரப்பாகி, உள்ளலை போட்ட வரி அதில் மூழ்கிப்போகும். அலை ஓடும் திசைக்குக் காற்று எந்தக் கோணத்தில் வீசுகிறது என்பதைப் பொறுத்தும் பட்டைகள் துலங்கும், மங்கும். தென்மேற்குப் பருவக்காற்று பலமாக அடிக்கும் நாளில் எடுத்த படத்தில் வரி தெரியாததை வைத்து 'அந்தமானில் உள்ளலை இல்லை' என்று எழுதிவிடக் கூடாது.

இந்தச் 'சொரசொரப்பு' (ஆங்கிலத்தில் 'ரஃப்னஸ்') மொழிபெயர்ப்பாளர்கள் கையில் படும் பாட்டையும் சொல்ல வேண்டும். ஒருவர் 'கடினத்தன்மை' என்கிறார். நீருக்கு அது கால்சியம் சங்கதி. இன்னொருவர் 'கொந்தளிப்பு' என்கிறார். விரல் அகல நெளிவுக்கு யாராவது கொந்தளிப்பு என்பார்களா? அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டுவது மொழிபெயர்ப்பு ஆகாது. வாக்கியம் எதைப் பற்றிப் பேசுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. காற்றுமண்டலத்திலும் உள்ளலைகள் ஓடும். அவை கடல்மேல் காற்றை ஓரிடத்தில் கூட்டி ஓரிடத்தில் குறைத்து, அச்சு அசலாக இதே மாதிரி வெளிச்ச வரியும் கறுப்பு வரியும் போட்டுவிடும். அப்படிப்பட்ட படத்துக்குக் கீழேயும் 'கடலடி அலை' என்று போட்டால், கடலுக்குள் இல்லவே இல்லாத ஒன்றுக்குப் பெயர் வைத்ததாகிவிடும். 'கடல் உள்ளலை', 'வளி உள்ளலை' என்று பிரித்து எழுதுங்கள். படம் எடுத்த நேரத்துக் காற்றின் வேகத்தையும் திசையையும் பக்கத்தில் போடுங்கள்.