பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ், பத்து நிமிடக் காத்திருப்பு

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 'பார்ட்' என்னும் புதிய மின்சார ரயில் 1972 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. வேலைக்குப் போகிறவர்களின் பயணங்களில் 15 சதவீதம் அந்த ரயிலுக்கு வந்துவிடும் என்பது அதிகாரபூர்வக் கணிப்பு. பக்கத்திலேயே பெர்க்லியில் இருந்த பொருளியலாளர் டேனியல் மெக்ஃபேடனும் அவருடைய குழுவினரும் 6.3 சதவீதம் என்றார்கள். ரயில் ஓடி, ஆட்கள் ஏறி, எண்ணிப் பார்த்தபோது கிடைத்த விடை 6.2.

அந்தக் கணிப்புக்கு அடிப்படையான கோட்பாட்டுக்காக மெக்ஃபேடனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. அவருக்கு முன்புவரை திட்டமிடுகிறவர்கள் ஊரை வட்டாரங்களாகப் பிரித்து, இந்த வட்டாரத்திலிருந்து அந்த வட்டாரத்துக்கு இத்தனை பேர் போவார்கள் என்று குழாயில் ஓடும் தண்ணீரைப் போல மொத்தமாகக் கணக்கிட்டு வந்தார்கள். மெக்ஃபேடன் தனி ஆளிடமிருந்து தொடங்கினார். ஒருவர் முன்னால் கார், பஸ், ரயில் என்று மூன்று வழிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். டிக்கெட் விலைக்குக் கொஞ்சம் கழியும். நடக்கும் தூரத்துக்கு, நிற்கும் நேரத்துக்கு, வண்டிக்குள் இருக்கும் நேரத்துக்குத் தனித்தனியாகக் கழியும். காலையில் செருப்பை மாட்டும்போது நாம் மனத்துக்குள் போடும் அதே கணக்குதான். எஞ்சும் மதிப்பெண்களின் வித்தியாசத்தைக் கொண்டு அவர் எதில் ஏறுவார் என்பதற்கான வாய்ப்பைச் சொல்லலாம்.

இரண்டு வழிகள் சமமாக இருந்தால் வாய்ப்பு பாதிக்குப் பாதி. வித்தியாசம் கூடும்போது ஒரு பக்கம் சாயும். ஆனால் அந்தச் சாய்வு ஒரே சீராக நிகழ்வதில்லை. அலுவலகத்தில் இலவசமாகக் கார் நிறுத்த இடம் உள்ளவருக்குப் பஸ் ஐந்து நிமிடம் முன்னால் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். ஸ்கூட்டர் இருந்தும் வெயிலுக்கும் முதுகுவலிக்கும் பயந்து தினமும் ஊசலாடுகிறவருக்கு அதே ஐந்து நிமிடம் போதும், பஸ்ஸுக்கு வந்துவிடுவார். ஒரு புதிய தடத்தால் யார் மாறுவார்கள் என்று கேட்டால், இப்படி நடுவில் நிற்பவர்கள்தான்.

அவர்களை எது சாய்க்கிறது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வருகிறது. எல்லா நிமிடங்களும் ஒரே எடை உள்ளவை அல்ல. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளின்படி, நிறுத்தத்தில் காத்திருக்கும் ஒரு நிமிடம் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஏறத்தாழ இரண்டு நிமிடங்களுக்குச் சமமாக மனத்தில் பதிகிறது.

இனி ஒரு சின்னக் கணக்கு. ஒரு தடத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ். சீராக வந்தால் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்போம். முன்னால் போகும் பஸ் ஒரு சிக்னலில் மாட்டிக்கொள்கிறது என்று வையுங்கள். அது அடுத்த நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்கே கூட்டம் கூடிவிடும். அத்தனை பேரும் ஏறி இறங்குவதில் இன்னும் தாமதம். பின்னால் வரும் பஸ்ஸில் ஏற ஆளே இருக்காது; அது விரைந்து வந்து முன்னதன் வாலைப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு பஸ்கள் ஜோடியாக வரும். இப்போது சராசரிக் காத்திருப்பு பத்து நிமிடம்! மணிக்கு ஆறு பஸ்கள் ஓடின என்று பணிமனைப் பதிவேடு சொல்லும். அது பொய்யும் இல்லை. நிறுத்தத்தில் நிற்பவருக்கோ மூன்று பஸ்களின் பயன்தான். அந்தப் பத்து நிமிடமும் மனக்கணக்கில் இருபதாகிவிடும். அதற்குள் ஸ்கூட்டரில் அலுவலகத்துக்கே போய்ச் சேர்ந்துவிடலாமே என்று ஒருவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பஸ்ஸுக்குக் குளிர்சாதன வசதி செய்யும் பணத்தில் ஒரு பங்கை, இரண்டு பஸ்கள் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதற்குச் செலவிட வேண்டும் என்பேன்.

கணக்கே போடாமல் போகிறவர்களும் உண்டு. 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் ஊழியர்கள் 48 மணி நேரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். சில நிலையங்கள் மூடிக்கிடந்ததால் பலர் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் ஏறத்தாழ 5 சதவீதம் பேர் பழைய வழிக்குத் திரும்பவில்லை என்பதைப் பயண அட்டைப் பதிவுகளைப் பார்த்து ஆய்வாளர்கள் கண்டார்கள். தங்களுக்கு ஒரு நல்ல வழி இருந்தது அத்தனை நாளும் அவர்களுக்குத் தெரியாது. புகழ்பெற்ற அந்த ரயில் வரைபடம் தூரங்களை உள்ளபடி காட்டாததும் அதற்கு ஒரு காரணம்.

விலையே இல்லாமல் போனால் என்ன ஆகும்? தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. மாதம் எவ்வளவு மிச்சம் என்றே பலரும் பேசுகிறோம். எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது வேறு. ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறும்போது புதிதாக டிக்கெட் எடுக்க வேண்டிய முறையில், மாறி ஏறுவதே ஓர் அபராதம். பள்ளி, கடை, வேலை என்று துண்டு துண்டாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு அந்த அபராதம் நீங்கியிருக்கிறது.

எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் வேலை செய்யும் ஓர் அக்கா முன்பெல்லாம் முதல் வீட்டிலிருந்து இரண்டாவது வீட்டுக்கு நடந்தே போவார். "ரெண்டு ஸ்டாப்புக்கு ஒரு டிக்கெட்டா?" என்பார். இப்போது பஸ்ஸுக்கு நிற்கிறார். கட்டண பஸ்கள் இரண்டு மூன்று கண்முன்னே போனாலும் சாதாரண பஸ் வரட்டும் என்று நிற்கிறார். எட்டு மணிக்குள் அங்கே இருந்தாக வேண்டும். ஏழே முக்கால்வரை பார்ப்பார். வரவில்லை என்றால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிடுவார்.