வலி குறைந்தது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்

வலி தொடங்கி மூன்றாம் நாள் வந்த இன்னொருவரின் வயிற்றைச் சென்ற வாரம் திறந்தேன். பித்தமும் சீழும் கலந்த நீரை உறிஞ்சி எடுத்த பிறகு, இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடலில் மிளகளவே ஆன ஓர் ஓட்டை தெரிந்தது. "வாயுதான் டாக்டர், நடுவில் சரியாகிவிட்டது" என்றார் அவர் மனைவி.

அந்த 'நடுவில்' என்பதுதான் ஆளைக் கொல்கிறது. இரைப்பையோ முன்சிறுகுடலோ ஓட்டையானதும் அமிலம் கொட்டி, கத்தியால் குத்தியதுபோல் திடீரென்று வலிக்கும். வயிறு பலகையாக இறுகும். சில மணி நேரத்தில் வயிற்றின் உட்சவ்வு நீரைச் சுரந்து அமிலத்தை நீர்க்கச் செய்வதால் வலி தணிகிறது. ஓட்டை அப்படியே இருக்கிறது, கிருமிகள் பெருகுகின்றன. அடுத்து வயிறு உப்பி, நாடி விரைந்து, இரத்த அழுத்தம் சரியும்போதுதான் நம்மிடம் கொண்டுவருகிறார்கள். தணிந்த வலியைக் குணம் என்று எண்ணாதீர்கள்; வலி ஊசி மட்டும் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடவும் செய்யாதீர்கள்.

வளர்ந்த நாடுகளில் முதியோரின் பெருங்குடலில் ஓட்டை விழுவது அதிகம். வளரும் நாடுகளில் இரைப்பையும் முன்சிறுகுடலும்தான் பெரும்பாலும் பாதிக்கப்படுகின்றன, அதுவும் உழைக்கும் வயது ஆண்களுக்கு. இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமி, புகைபிடித்தல், மருத்துவரைக் கேட்காமல் மாதக்கணக்கில் விழுங்கும் டைக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரைகள் ஆகியவை இதற்குக் காரணங்கள். டைபாய்டில், பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் வாரத்தில், சிறுகுடலின் கடைப்பகுதி ஓட்டையாகும். குடல்வால் அழற்சியாலும் காசநோயாலும் ஓட்டை விழுவதுண்டு.

சிகிச்சை கத்தியில் தொடங்குவதில்லை. சலைன், கிருமிக்கொல்லி, மூக்குவழிக் குழாய் ஆகியவற்றால் உடலை முதலில் தேற்றுகிறோம். "ஏன் உடனே ஆபரேஷன் செய்யவில்லை" என்று சண்டையிடும் உறவினர்களே, அந்த நேரம் வீணாவதில்லை. பிறகு வயிற்றைத் திறந்து கழுவி, முன்சிறுகுடல் ஓட்டையைக் குடலை முன்புறம் போர்த்தியிருக்கும் கொழுப்புத்திரையின் ஒரு துண்டால் அடைக்கிறோம். 1937-இல் கனடா அறுவை மருத்துவர் ரோஸ்கோ கிரகாம் விவரித்த முறையின் வழிவந்தது இது. டைபாய்டு ஓட்டை ஒன்றே என்றால் பெரும்பாலும் தைத்து மூடலாம். பல ஓட்டைகள் இருந்தாலோ, சீழ் மிகுந்து நோயாளி சோர்ந்திருந்தாலோ, குடலை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, மலம் பைக்குள் போகும்படி வைக்க நேரிடும். அதைக் கண்டு அழாதீர்கள், தயவுசெய்து. பெரும்பாலும் சில மாதங்களில் அதை மூடிவிடலாம்.

டைபாய்டு மருந்தைக் காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தாதீர்கள். திடீர் வயிற்றுவலிக்கு எனிமா கொடுக்காதீர்கள், உணவோ கஷாயமோ ஊட்டாதீர்கள். நிற்கவைத்து எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே கருப்புப் பிறையாகக் காற்று தெரியும். தெரியாவிட்டாலும் ஓட்டை இருக்கலாம் என்பதை இளம் மருத்துவர்கள் மறக்கக் கூடாது. வரும்போது வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு வாருங்கள்; நாங்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.