பன்னிரண்டாம் நம்பர் புடவை

வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணி ஆனால் சிங்கப்பூரில், ஈசூனில் அத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய டேப்லெட் ஊறுகாய் பாட்டிலில் சாய்ந்து நிற்கும். அதற்குள் ஒரு பெண்மணி புடவைகளை ஒவ்வொன்றாக விரித்து, "பன்னெண்டாம் நம்பர், அறுபத்தெட்டு வெள்ளி, ஒரே ஒரு பீஸ்தான் அக்கா" என்பார். அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு '12' என்று தட்டுவதற்குள் வேறு யாரோ முந்தியிருப்பார்கள். "எனக்கு மட்டும் எப்பவும் லேட்டாத்தான் காட்டுறா" என்பது அத்தையின் நெடுநாள் புகார்.

வயதானவர் புலம்பல் என்று விட்டிருந்தேன். ஒரு நாள் என் கைப்பேசியில் அதே ஒளிபரப்பைத் திறந்து டேப்லெட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். என் திரையில் பதின்மூன்றாம் நம்பர் வந்துவிட்டது. அத்தையின் திரையில் பன்னிரண்டின் முந்தானைகூட இன்னும் விரியவில்லை. அத்தை சொன்னது அப்பட்டமான உண்மை.

நேரலை என்று சொல்கிறோமே தவிர, அது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நேரத்தில் போய்ச் சேர்கிறது. கேமரா பிடிக்கும் படம் சில விநாடித் துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் சுருக்கப்பட்டு, பல ஊர்களில் இருக்கும் சர்வர்களுக்கு நகல் போகிறது. நம் கருவி அங்கிருந்து ஒன்றிரண்டு துண்டுகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் ஓட்டத் தொடங்கும். நடுவில் படம் நின்றுவிடக் கூடாதே என்று. வைஃபை மந்தமாக இருந்தால் இந்தச் சேமிப்பு கூடும், தாமதமும் கூடும். ஆனால் '12' என்ற கமெண்ட் வெறும் சில எழுத்து. அது நொடிப்பொழுதில் சர்வருக்குப் போய்விடும். ஆக, நான்கு விநாடி பின்தங்கிய படத்தைப் பார்ப்பவர் பன்னிரண்டு விநாடி பின்தங்கியவரை எப்போதும் ஜெயிப்பார். விற்பவர் மீது தப்பே இல்லை. கமெண்ட் வந்த வரிசைப்படி அவர் நியாயமாகத்தான் கொடுக்கிறார்.

சரி, அது சின்ன விஷயம். எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. அத்தை அந்த ஒளிபரப்பைத் தேடிப் போகவே இல்லை. யாரோ ஒருவருடைய பேரன் பிறந்தநாள் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது தானாக வந்து முன்னால் நின்றது. எப்படி?

இதற்கு விடை சிராங்கூன் ரோட்டில் இருக்கிறது. அங்கே ஒரு புடவைக் கடையில் நல்ல விற்பனையாள் ஒருவரைக் கவனித்துப் பாருங்கள். அவர் புடவையைப் பார்ப்பதில்லை, உங்கள் கண்ணைப் பார்ப்பார். பத்துப் புடவை விரிப்பார். ஒன்பதில் உங்கள் பார்வை வழுக்கிக்கொண்டு போகும். ஒன்றில் ஒரு கணம் நிற்கும். நீங்கள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆனால் அடுத்து அலமாரியிலிருந்து இறங்கும் மூன்று புடவையும் அந்தச் சாயலில்தான் இருக்கும்.

கைப்பேசிச் செயலி செய்வதும் அதையேதான். அதற்குக் கண் தெரியாது, கட்டைவிரல் தெரியும். விரல் எந்த வேகத்தில் திரையைத் தள்ளியது, எந்தப் படத்தில் நின்றது, எத்தனை விநாடி நின்றது, பெரிதாக்கிப் பார்த்ததா, கூடையில் போட்டுவிட்டு எடுத்ததா, எல்லாம் பதிவாகும். வாங்குவது எப்போதாவது நடப்பது. தயங்குவதோ நிமிடத்துக்குப் பத்து முறை நடக்கிறது. அதனால் வாங்கியதைவிட, வாங்கலாமா என்று யோசித்ததிலிருந்துதான் செயலிக்கு அதிகத் தகவல் கிடைக்கிறது. கடையில் விற்பனையாள் ஒரு நேரத்தில் ஒருவரின் தயக்கத்தைத்தான் படிக்க முடியும். இங்கே இலட்சக்கணக்கானவர்களின் தயக்கம் ஒரே நேரத்தில் கணக்கில் ஏறுகிறது. இணையக் கடையின் உண்மையான பலம் மலிவு விலை என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கென்னவோ இதுதான் என்று தோன்றுகிறது.

பதிவான தயக்கத்தை வைத்து என்ன செய்கிறார்கள்? அமேசான் பொறியாளர்கள் 2003இல் விளக்கி எழுதிய ஒரு முறை இன்றைக்கும் அடிப்படைப் பாடம். ஆட்களை ஒப்பிடாமல் பொருள்களை ஒப்பிடுவது அதன் சாரம். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். தீபாவளிக்கு முன் முறுக்குக் குழல் வாங்கிய 100 பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 40 பேர் பெரிய எவர்சில்வர் டப்பாவும், 50 பேர் கைப்பேசி சார்ஜரும் வாங்கியிருக்கிறார்கள். அப்படியென்றால் முறுக்குக் குழலுக்கு நெருங்கிய உறவு சார்ஜரா?

இல்லை. ஏனென்றால் யாரை எடுத்தாலும் 100க்கு 50 பேர் எப்படியும் சார்ஜர் வாங்குகிறார்கள் என்று வையுங்கள். குழல் வாங்கியதால் அதில் எந்த மாற்றமும் இல்லை: 50ஐ 50ஆல் வகுத்தால் 1. பெரிய டப்பாவைப் பொதுவாக வாங்குபவர்கள் 100க்கு 2 பேர்தான். குழல் வாங்கியவர்களிலோ 40 பேர். 40ஐ 2ஆல் வகுத்தால் 20. இந்த 20தான் உறவின் பலம். முறுக்கு என்றால் என்ன, அதைச் சுட்டபின் நமுத்துப்போகாமல் எதில் போட்டு வைப்பார்கள் என்பதெல்லாம் அந்தக் கணினிக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இப்போது இதை இன்னும் ஒரு படி தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒவ்வொரு பொருளும் ஓர் எண் வரிசையாக மாற்றப்படுகிறது. வரைபடத்தில் ஓர் இடத்தைக் காட்ட இரண்டு எண் போதும். இங்கே நூற்றுக்கணக்கில் எண்கள். ஒரே மாதிரி ஆட்கள் தொடும் பொருள்கள் அருகருகே வரும்படி அந்த எண்கள் பயிற்சியில் நகர்த்தப்படும். வாடிக்கையாளரும் அதே வரைபடத்தில் ஒரு புள்ளிதான். கோடிக்கணக்கான பொருள்களிலிருந்து உங்கள் புள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் சில நூறை முதலில் அள்ளி எடுப்பார்கள். பிறகு அந்தச் சில நூறையும் நிதானமாக எடை போடுவார்கள்: இவர் தட்டுவாரா, தட்டினால் வாங்குவாரா, வாங்கினால் நமக்கு என்ன கிடைக்கும், விளம்பரத்துக்கு யாராவது பணம் கட்டியிருக்கிறார்களா. நீங்கள் திரையைத் தள்ளி முடிப்பதற்குள் இந்த இரண்டும் நடந்து முடிந்துவிடும்.

இதில் வேடிக்கையும் உண்டு. அத்தையின் டேப்லெட்டில் பேரன் விளையாடுவான். அதனால் இரண்டு வாரத்துக்கு அத்தைக்குக் காஞ்சிப் பட்டுக்கு நடுவே டைனோசர் பொம்மை வந்துகொண்டே இருந்தது. எந்த விரல் யாருடையது என்று அதற்குத் தெரியாதே. கடைக்காரருக்கு அந்தக் குழப்பம் வராது.

நம் ஊரில் இந்த மாற்றம் படிப்படியாகத்தான் வந்தது. இணையக் கடையான லசாடா 2012இல் தொடங்கியது. அதே ஆண்டில்தான் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் மூவர் கெரோசலை உருவாக்கினார்கள். ஷோப்பி 2015இல் வந்தது. இவற்றிலெல்லாம் நாம் ஒரு பொருளைத் தேடி எழுதினோம், அவை காட்டின. 2022இல் டிக்டாக் ஷாப் இங்கே வந்தபோது அந்தத் தேடலே தேவையில்லாமல் போனது. வேடிக்கை பார்க்கும் இடமும் கடையும் ஒன்றாகிவிட்டன.

அப்புறம் பணம். 2007இல் மூளை ஸ்கேன் எடுத்துக்கொண்டே ஆட்களுக்குப் பொருளையும் விலையையும் காட்டிச் செய்த ஓர் அமெரிக்க ஆய்வு உண்டு. பிடித்த பொருளைப் பார்த்தபோது வெகுமதியை எதிர்பார்க்கும்போது துடிப்பாகும் பகுதி துடிப்பானது. விலை அதிகம் என்று பட்டபோது வலி, அருவருப்பு போன்றவற்றோடு தொடர்புடைய இன்சுலா என்ற பகுதி துடிப்பானது. இந்த இரண்டின் இழுபறியை வைத்தே அவர் வாங்குவாரா மாட்டாரா என்று ஓரளவு கணிக்க முடிந்தது. பணம் கொடுப்பது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். பர்ஸைத் திறந்து நோட்டை எண்ணும்போது அந்த வலி கண்முன் நிற்கும். 2017இல் உடனுக்குடன் பணம் அனுப்பும் பேநவ் சேவை வந்த பிறகு கைப்பேசி எண் தெரிந்தால் போதும், அனுப்பி விடலாம். புடவை விற்பவருக்குக் கடை வேண்டாம், கார்டு இயந்திரம் வேண்டாம். வாங்குபவருக்கோ நோட்டு எண்ணும் அந்தச் சில விநாடிகூட இல்லை. ஒரு தயக்கத்தை அளந்து பயன்படுத்துகிறார்கள், இன்னொன்றைத் துடைத்தே எடுத்துவிட்டார்கள்.

புடவை வீடு வந்து சேரும் கதை எனக்கு மிகவும் பிடித்தது. சிங்கப்பூரின் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1995இல் வந்தது. மற்ற நாடுகளில் ஒரு குறியீடு ஒரு பேட்டையையே குறிக்கலாம். இங்கே ஒரு கட்டடத்துக்கு ஒன்று. வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீடுகளில் கடைசி மூன்று இலக்கம் பெரும்பாலும் பிளோக் எண்ணேதான்: அங் மோ கியோவில் பிளோக் 123 என்றால் 560123. இணையக் கடைகளை யாரும் நினைத்துப் பார்க்காத காலத்தில் போட்ட திட்டம், இன்று பார்சல் கொண்டுவரும் தம்பிகளுக்குப் பெரிய வரம். ஒரே குறியீட்டில் நூறு குடும்பம் இருப்பதால், வேனை ஒருமுறை நிறுத்தினால் ஐந்தாறு பார்சலை இறக்கிவிடலாம்.

அப்படியும் வழி போடுவது லேசு இல்லை. பத்து பிளோக்குக்குப் போக வேண்டும் என்றால் எந்த வரிசையில் போவது என்பதற்கு 36 இலட்சத்துக்கும் மேற்பட்ட வழிகள் உண்டு. இருபது பிளோக் என்றால் 24,000 கோடி கோடிக்கும் மேல். அத்தனையையும் சரிபார்ப்பது நடக்காத காரியம். அதனால் கணினி ஒரு சுமாரான வழியை முதலில் போட்டுக்கொள்ளும்: பக்கத்தில் இருப்பதற்குப் போ, அதற்குப் பக்கத்தில் இருப்பதற்குப் போ என்று. பிறகு பாதை எங்கே தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது என்று பார்த்து, அந்த இரண்டு துண்டுகளை அவிழ்த்து மாற்றி முடிச்சுப் போடும். இப்படித் திரும்பத் திரும்பச் செய்தால் சிறந்த வழி கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது; ஆனால் தம்பி சாயங்காலத்துக்குள் வீடு போகலாம்.

இவ்வளவு இருந்தும் கடைகள் ஏன் காலியாகவில்லை? 1858இல் தொடங்கிய ராபின்சன்ஸ் பேரங்காடி 2020இல் கடையை மூடப்போவதாக அறிவித்தபோது எல்லாம் முடிந்தது என்று பலர் எழுதினார்கள். அந்த ஆண்டு மே மாதம், சர்க்கிட் பிரேக்கர் என்ற கொவிட் முடக்கத்தில் நாம் வீட்டுக்குள் அடைந்திருந்தபோது, சில்லறை விற்பனையில் ஏறக்குறைய கால்பங்கு இணையத்தில் நடந்தது. கதவு திறந்ததும் அது இறங்கிவிட்டது. அதன்பின் எட்டில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் கணினி, கைப்பேசி வகைகளில் மட்டும் ஏறக்குறைய பாதி இணையத்துக்குப் போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 2023 முதல் பொருள் சேவை வரி உண்டு என்பதால், மலிவு என்ற வசதியும் கொஞ்சம் குறைந்தது.

கைப்பேசியைத் தொட்டுப் பார்த்து வாங்க வேண்டியதில்லை. மாடல் எண் போதும். மயில்கழுத்து நிறப் பட்டுப் புடவைக்கு மாடல் எண் கிடையாது. அதில் பாவு நூல் ஒரு நிறம், ஊடு நூல் வேறு நிறம். நேராகப் பார்த்தால் நீலம் மேலோங்கும், துணி மடியும் இடத்தில் பச்சை எழும். அந்த நிறம் துணியில் மட்டும் இல்லை, நீங்கள் பார்க்கும் கோணத்திலும் இருக்கிறது. திரையோ சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளியைக் கலந்து ஒரு கோணத்தில் பிடித்த படத்தைக் காட்டுகிறது. நீங்கள் தலையைச் சாய்த்தாலும் புடவை சாயாது. போதாக்குறைக்குக் கேமரா வெள்ளை எது என்று தானாக ஊகித்து மற்ற எல்லா நிறத்தையும் அதற்கேற்ப நகர்த்திவிடும். பின்னால் மஞ்சள் விளக்கு எரிந்தால் போச்சு. அத்தைக்கு ஒருமுறை அரக்கு என்று சொல்லி வந்த புடவை ஆரஞ்சில் பாதி தூரம் போயிருந்தது.

போன மாதம் அத்தையை அழைத்துக்கொண்டு சிராங்கூன் ரோட்டுக்குப் போனேன். நாங்கள் வழக்கமாகப் போகும் கடையில் அந்தப் பழைய விற்பனையாள் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் முன்னால் ஒரு முக்காலியில் கைப்பேசி, அதைச் சுற்றி வட்ட விளக்கு. "பன்னெண்டாம் நம்பர், மயில்கழுத்து, ஒரே பீஸ்" என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை நேராகப் போய்க் கையை நீட்டினார். "தம்பி, அதக் குடு." அவர் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார். அத்தை புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, அஞ்சடி நடைபாதையில் வெயில் விழும் இடமாகப் பார்த்து விரித்தார். இப்படியும் அப்படியும் திருப்பினார்.

உள்ளே கைப்பேசித் திரையில் 12, 12, 12 என்று கமெண்ட் ஏறிக்கொண்டிருந்தது.