பத்து வருடம் முடியும் முன் பென்ஷன் பணத்தில் கை வைக்காதீர்கள்

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். ஸ்பின்னிங் மில் வேலை. முதல் மில்லில் 9 வருடம் 2 மாதம், அடுத்த மில்லில் 4 வருடம். இரண்டு இடத்திலும் பி.எஃப். பிடித்தம் உண்டு. போன வருடம் ஒரு பிளாஸ்டிக் கவர் நிறையக் காகிதத்தோடு வந்தார். "ஏனுங் தம்பி, 58 வயசானா மாசாமாசம் பென்ஷன் வரும்னு சொன்னாங்க. இப்ப கேட்டா எனக்குக் கிடையாதுங்கறாங்க. பதிமூணு வருசம் பிடிச்சது எங்கீங் போச்சு?"

போன இடம் அந்தக் கவருக்குள்ளேயே இருந்தது. முதல் மில்லை விட்ட கையோடு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய், பி.எஃப். பணம் எடுக்க வேண்டும் என்றிருக்கிறார். அங்கிருந்த பையன் படிவம் 19, படிவம் 10சி இரண்டையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டான். 10சி-க்கு அறுபத்தைந்தாயிரம் ரூபாய் வந்தது. வந்த பணம் மகள் சீருக்குப் போனது. அந்தப் பணத்தோடு ஒன்பது வருடச் சர்வீஸும் போய்விட்டது என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. பையனுக்கே தெரியுமா என்பது சந்தேகம்தான்.

படிவம் 19 என்பது பி.எஃப். பணம். அதை எடுத்தால் பென்ஷன் சர்வீஸுக்கு ஒன்றும் ஆகாது. படிவம் 10சி என்பது பென்ஷன் கணக்கு. மாதப் பென்ஷன் கிடைக்க மொத்தம் பத்து வருடச் சர்வீஸ் வேண்டும். பத்து வருடம் நிரம்பாதவர் அதில் பணம் கேட்டால், வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில் கொடுத்துவிட்டு அந்தச் சர்வீஸை அழித்துவிடுவார்கள். பிறகு பணத்தைத் திருப்பிக் கட்டுகிறேன் என்று அழுதாலும் நடக்காது. கூத்து என்னவென்றால், இதே 10சி படிவத்தில்தான் பணம் வேண்டாம், ஸ்கீம் சர்டிபிகேட் கொடுங்கள் என்றும் கேட்கலாம். சர்வீஸ் அப்படியே நிற்கும், அடுத்த வேலையோடு சேரும். ஒரே படிவத்தில் இரண்டு விதி. எந்தப் பக்கம் டிக் அடித்தால் என்ன ஆகும் என்று இரண்டு வரி தெளிவாக எழுதி வைக்க இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

திட்டத்தின் பெயர் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995. உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் 12 சதவீதம் முழுவதும் பி.எஃப்.புக்குப் போகிறது. முதலாளி போடும் 12-இல் 8.33 சதவீதம் பென்ஷனுக்கு. 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய் சம்பளம் வரைதான் கணக்கு. அதற்குப் பிறகு முதன்முறையாக வேலைக்குச் சேர்ந்து, சேரும்போதே அதற்கு மேல் சம்பளம் வாங்கியவர்களுக்கு இந்தப் பென்ஷன் கிடையாது. பின்னணி இவ்வளவு போதும்.

பென்ஷன் எவ்வளவு? கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியை, அதாவது பி.எஃப். பிடித்த சம்பளத்தின் சராசரியை, சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். அக்காவின் சராசரி 8,400 ரூபாய். 13 வருடத்துக்கு மாதம் 1,560 ரூபாய் வரும். வருடத்துக்கு 18,720. அவர் வாங்கிய அறுபத்தைந்தாயிரம் மூன்றரை வருடப் பென்ஷன்தான். 58-இலிருந்து ஆயுள் முழுக்க வந்திருக்க வேண்டியது அது. பெரிய தொகை இல்லைதான். குறைந்தபட்சப் பென்ஷனே 2014-இலிருந்து 1,000 ரூபாயில் நிற்கிறது, அதை உயர்த்தக் கேட்டு ஓய்வூதியர்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் மருந்து மாத்திரைக்கு மகனிடம் கை நீட்டாமல் இருக்க 1,560 ரூபாய் உதவும்.

பத்து வருடம் என்கிறார்களே, அதில் ஒரு சலுகையும் உண்டு, ஒரு குழியும் உண்டு. சலுகை: ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தால் முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள். எனவே ஒன்பதரை வருடம் ஆனாலே பத்துதான். அக்கா இன்னும் நான்கு மாதம் முதல் மில்லில் இருந்திருந்தால் கம்ப்யூட்டர் சென்டர் பையன் நினைத்தாலும் அந்தப் பணத்தை எடுத்திருக்க முடியாது. குழி: சம்பளம் இல்லாத விடுப்பு நாட்கள். என்.சி.பி. நாட்கள் என்று கணக்கில் ஏறும். பிரசவம், அம்மை, திருவிழா என்று லீவு போட்ட நாளெல்லாம் சம்பளம் இல்லாமல் போயிருந்தால் அது சர்வீஸில் கழியும். பத்து வருடம் இரண்டு மாதம் வேலை பார்த்தவருக்கு 300 நாள் இப்படிக் கழிந்தால் மிச்சம் ஒன்பது வருடம் நான்கு மாதம். பென்ஷன் இல்லை. மில்லை விடுவதற்கு முன்பே யூ.ஏ.என். (மில் மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். அடையாள எண்) போர்ட்டலில் சர்வீஸ் விவரத்தைத் திறந்து இந்த எண்ணைப் பாருங்கள். விட்ட பிறகு பார்த்துப் பயனில்லை.

காண்ட்ராக்டர் மாற மாற பி.எஃப். எண்ணும் மாறியிருக்கும். பழைய எண்கள் எல்லாம் ஒரே யூ.ஏ.என்.-க்குள் வந்திருக்கிறதா என்று பாருங்கள், வராவிட்டால் டிரான்ஸ்ஃபர் போடுங்கள். டிரான்ஸ்ஃபர் ஆன பிறகு புதுப் பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் பழைய தொகை ஏறாது. அதைப் பார்த்துவிட்டு பணத்தைத் தின்றுவிட்டார்கள் என்று பதறி வருகிறவர்கள் நிறைய. பென்ஷனில் மாறுவது சர்வீஸ்தான், தொகை அல்ல. சர்வீஸ் விவரத்தில் பழைய மில் பெயர் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

அடுத்தது பெயர். தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே உள்ள தொல்லை இது. மில்லில் சேரும்போது அப்பா பெயரின் இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் வீட்டுக்காரர் பெயரின் இனிஷியல். வங்கியில் இனிஷியலை விரித்து முழுப் பெயராகப் போட்டிருப்பார்கள். மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஊருக்கே தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பிறந்த தேதி இன்னும் மோசம். டைம் ஆபீஸில் ஆளைப் பார்த்து வயதை மதிப்பிட்டு ஜனவரி 1 என்று எழுதிவிட்டிருப்பார்கள். 2017 அக்டோபர் முதல் ஆதாரோடு யூ.ஏ.என். வாங்கியவர்கள் பெயர், பிறந்த தேதி போன்றவற்றை ஆன்லைனில் தாங்களே திருத்தலாம். அதற்கு முந்தையவர்களுக்கு முதலாளி ஒப்புதல் தேவை. கூட்டு உறுதிமொழி என்று அதற்கொரு படிவம். மில்லில் பி.எஃப். ஆபீஸுக்குப் போ என்பார்கள், பி.எஃப். ஆபீஸில் மில்லுக்குப் போ என்பார்கள். அதனால் வேலையில் இருக்கும்போதே, ஹெச்.ஆர். முகம் கொடுத்துப் பேசும்போதே முடித்துவிடுங்கள். மில்லே மூடிக் கிடந்தால் கெஜட்டட் அதிகாரி போன்றவர்களிடம் சான்றொப்பம் வாங்கிக் கொடுக்கலாம். கேட்டில் பூட்டுத் தொங்கினாலும் முதலாளி கையெழுத்துதான் வேண்டும் என்று யாராவது திருப்பி அனுப்பினால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அநேகமாக எழுதித் தர மாட்டார்கள், மனுவை வாங்கிக்கொள்வார்கள்.

வேலையை விட்ட தேதியை மில் ஏற்றாமல் விட்டிருந்தால் அதற்காக அலைய வேண்டாம். கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனதும் போர்ட்டலில் நீங்களே ஏற்றலாம். ஆனால் ஒருமுறை ஏற்றினால் மாற்றுவது பெரும்பாடு, தேதியை இரண்டு தடவை பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள்.

58 ஆனதும் பென்ஷன் கேட்டுப் போட வேண்டியது படிவம் 10டி. வேலையை விட்டால்தான் பென்ஷன் என்று பலர் நினைத்துக்கொண்டு 62 வரை விண்ணப்பிக்காமலே இருக்கிறார்கள். தப்பு. 58-க்குப் பிறகு வேலையில் இருந்துகொண்டே வாங்கலாம். 50 வயதிலேயே வாங்கவும் வழி உண்டு, வேலையில் இல்லாதவர்களுக்கு. ஆனால் 58-க்கு எத்தனை வருடம் குறைகிறதோ வருடத்துக்கு 4 சதவீதம் வெட்டு, அந்த வெட்டு 58 ஆனாலும் சரியாகாது. வட்டிக்கடைக் கடன் கழுத்தை நெரித்தால் தவிர அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டால் பத்து வருடக் கணக்கே கிடையாது. ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலும் மனைவிக்கு விதவைப் பென்ஷன், அதோடு 25 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகளுக்குப் பென்ஷன். இறந்தவர் வீட்டில் ஹெச்.ஆர். வந்து பெரும்பாலும் பி.எஃப். பணத்துக்கான படிவம் 20-இல் மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். பென்ஷனுக்குப் படிவம் 10டி, இன்சூரன்ஸுக்குப் படிவம் 5ஐ.எஃப். இரண்டையும் நீங்களாகக் கேட்க வேண்டும். இன்சூரன்ஸ் அதிகபட்சம் 7 லட்சம் வரை வரும். கேட்காமல் விட்ட வீடுகள் எங்கள் ஊரிலேயே இருக்கின்றன.

பென்ஷன் வர ஆரம்பித்தவர்கள் வருடம் ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். நவம்பரில்தான் கொடுக்க வேண்டும் என்று வரிசையில் நிற்காதீர்கள். எந்த மாதம் கொடுத்தாலும் அன்றிலிருந்து ஒரு வருடம் செல்லும். பஞ்சு பிரித்தே ரேகை தேய்ந்த கைகளுக்கு மெஷினில் விரல் பதியாது, போனில் முகத்தைக் காட்டிக் கொடுக்கும் வசதி இருக்கிறது, அதைக் கேளுங்கள். மறந்து பென்ஷன் நின்றுவிட்டாலும், சான்று கொடுத்ததும் நிலுவையோடு வந்துவிடும்.

சரியாக இருக்கும் விண்ணப்பத்தை 20 நாளில் முடிக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. முடியவில்லையா, நேரில் போய்க் கெஞ்சுவதற்கு முன் பி.எஃப். குறைதீர் போர்ட்டலில் புகார் பதிந்து எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் அந்த எண்ணைச் சொன்னால் பேச்சுத் தொனியே மாறும். ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் குறைகேட்பு முகாமும் நடக்கிறது. ஆதார், பாஸ்புக், பழைய பி.எஃப். சீட்டு எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள், ஜெராக்ஸ் கடை எப்போதும் ஒரு கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கும்.

அக்காவுக்கு இப்போது 51 வயது. இரண்டாவது மில்லின் நான்கு வருடத்துக்குப் பணம் எடுக்க விடவில்லை. அதே 10சி-யில் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கினோம், மூன்று நடை, ஒரு புகார். இப்போது பக்கத்து ஊர் கார்மென்ட்ஸில் பி.எஃப். பிடிக்கும் வேலையில் சேர்ந்திருக்கிறார். இன்னும் ஐந்தரை வருடம் வேண்டும். "லீவு போட்டா கழிப்பாங்கன்னு சொன்னீங்கல்ல தம்பி, காய்ச்சல்னாலும் போயிடறேன்" என்றார் போன வாரம். சம்பளத்தோடு உள்ள லீவைப் போடலாம் அக்கா, அது கழியாது என்று சொல்லி அனுப்பினேன்.