அரோராவின் கால் ஏன் உயர்ந்துகொண்டே போகிறது?

1955 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘தூங்கும் அழகி’ பாலே ஒளிபரப்பானது. ஆடியது பின்னாளில் ராயல் பாலே என்று பெயர் பெற்ற லண்டன் குழு. இளவரசி அரோராவாக மார்கோ ஃபான்டேன். அந்தக் கறுப்பு வெள்ளைப் பதிவைப் பார்த்த கையோடு, அதே குழுவின் 2006ஆம் ஆண்டுப் பதிவில் அலினா கோஜோகாரு ஆடுவதையும் பாருங்கள். சைக்காவ்ஸ்கியின் இசை மாறவில்லை. ஆட்டத்தின் வரிசையும் பெரும்பாலும் மாறவில்லை. ஆனால் பின்னால் தூக்கிய கால் வேறெங்கோ நிற்கிறது.

குறிப்பாக ‘ரோஸ் அடாஜியோ’ என்ற பகுதி. அரோராவின் பிறந்தநாளுக்கு நான்கு இளவரசர்கள் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். அவள் ஒரு காலின் விரல் நுனியில் நின்று, மறு காலைப் பின்பக்கம் மடக்கித் தூக்கியபடி, ஒவ்வொருவர் கையாகப் பிடிக்கிறாள். பிடித்தவர் அவளை ஒரு சுற்றுச் சுற்றிவந்து கையை விடுகிறார். அடுத்தவர் கை கிடைக்கும்வரை அவள் தனியாகத்தான் நிற்க வேண்டும். நான்கு பேர் துணைக்கு இருந்தாலும், அரங்கத்தின் கண் முழுக்க அவள் ஒருத்தி மேல்தான் இருக்கும்.

இந்த மாற்றம் நம் கண் மயக்கமா, நிஜமா? 2009இல் எலெனா டாப்ராட்டி, மார்கோ இயோசா, பேட்ரிக் ஹேகார்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். லண்டன் ராயல் ஆப்பரா ஹவுஸ் காப்பகத்திலிருந்து 1946 முதல் 2004 வரையிலான ‘தூங்கும் அழகி’ படங்களையும் பதிவுகளையும் எடுத்து, ஒரே நிலையில் கால் எத்தனை டிகிரி உயர்ந்திருக்கிறது என்று கணக்கிட்டார்கள். கால் படிப்படியாக மேலே போயிருந்தது. அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முகம், உடை, மேடை எல்லாவற்றையும் நீக்கி, உடலின் நிலையை வெறும் கோட்டு வடிவங்களாக்கி, பாலே பழக்கமே இல்லாதவர்களிடம் காட்டினார்கள். அவர்களும் பிற்கால வடிவங்களையே அதிகம் விரும்பினார்கள். பார்வையாளரின் ரசனையும் காலை மேலே இழுத்திருக்கலாம் என்று நினைக்க இது இடம் தருகிறது.

சரி, கால் எப்படி அவ்வளவு உயரம் போகிறது? பக்கவாட்டில் தூக்குவதை முதலில் பார்ப்போம். எழுந்து நின்று, முழங்கால் முன்னே பார்த்தபடி ஒரு காலைப் பக்கவாட்டில் தூக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 45 டிகிரியில் தடைபடும். தொடை எலும்பின் மேற்பகுதியில் வெளிப்பக்கமாக ஒரு முண்டு இருக்கிறது. அது இடுப்பெலும்பை நெருங்கி வழியை அடைத்துவிடும். இப்போது பரதநாட்டிய அரைமண்டியில் செய்வதுபோல் தொடையை வெளிப்பக்கம் திருப்பிவிட்டுத் தூக்குங்கள். அந்த முண்டு பின்னால் நகர்ந்து வழி திறக்கிறது. பாலே மாணவர்கள் சிறு வயதிலிருந்தே தொடையைத் திருப்பிப் பழகுவதால் கிடைக்கும் பெரிய லாபம் இது.

பின்பக்கம் தூக்குவதில் கதையே வேறு. இடுப்பு மூட்டின் முன்புறம் ஒரு தடித்த தசைநார் இருக்கிறது, நம் உடலிலேயே மிக வலுவானவற்றில் ஒன்று. நாம் நிற்கும்போது இடுப்பு பின்னால் சரியாமல் பிடித்துக்கொள்வது அதுதான். அதனால் தொடை மட்டும் தனியாகப் பின்னால் போகக்கூடியது ஏறத்தாழ 20 டிகிரிதான். மீதி உயரம் இடுப்பெலும்பு முன்னே சாய்வதாலும், கீழ் முதுகு வளைவதாலும் கிடைக்கிறது. ஃபான்டேனின் இடுப்பு கிட்டத்தட்டச் சமமாக இருக்கும், கால் அதற்குத் தக்க உயரத்தில் நிற்கும். இன்றைய அரோராவின் இடுப்பு சாய்ந்தும் சற்றே திறந்தும் இருக்கும், முதுகு வில்லாக வளைந்து மார்பை மறுபடி நிமிர்த்தும். எனவே இரண்டு பதிவுகளையும் ஒப்பிடும்போது பாதத்தைப் பார்க்காதீர்கள், இடுப்பைப் பாருங்கள்.

இத்தனைக்கும் நடுவில் சமநிலை. ஒரு கால் உடல் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. 48 கிலோ எடையுள்ளவருக்கு 8 கிலோ. அந்த எட்டுக் கிலோ பின்னால் போகும்போது, உடலின் மொத்த நிறை மையம் ஒரு நாணயம் அளவுள்ள விரல் நுனிக்கு நேர் மேலேயே இருக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் கணுக்கால் நடுங்கும்.

முன்புறமோ பக்கவாட்டிலோ தூக்கும்போது இன்னொரு விசித்திரம் உண்டு. தண்ணீர்க் குடத்தைக் கையை நேரே நீட்டிப் பிடித்தால் கனம் கொல்லும், தலைக்கு மேல் தூக்கிவிட்டால் அவ்வளவு தெரியாது. காலும் அப்படித்தான். தரைக்கு இணையாக, 90 டிகிரியில் இருக்கும்போதுதான் ஈர்ப்பு விசை அதை மிக வலுவாகக் கீழே திருப்பும். அதைத் தாண்டினால் அந்த விசையின் பிடி குறையும். ஆனால் தூக்கும் தசை அதற்குள் சுருங்க வேண்டிய மட்டும் சுருங்கியிருக்கும், சுருங்கிய தசையால் அதிகம் இழுக்க முடியாது. முதுகெலும்பிலிருந்து தொடை வரை ஓடும் ஆழ்ந்த தசை ஒன்றுதான் அங்கே பெரும்பாடு படுகிறது. நெகிழ்வான உடல் மட்டும் போதாது என்று பாலே ஆசிரியர்கள் சொல்வது இதனால்தான்.

பாலே பெரும்பாலும் உடலிலிருந்து உடலுக்குக் கற்றுத் தரப்படும் கலை. ஒரு தலைமுறை ஓரிரு டிகிரி கூட்டினால் அடுத்த தலைமுறைக்கு அதுவே தொடக்கப் புள்ளி. அப்புறம் சில்வி கியெம் போன்ற ஒருவர் வருகிறார். ஜிம்னாஸ்டிக்ஸ் பயின்று பாலேவுக்கு வந்தவர், 19 வயதில் பாரிஸ் ஆப்பராவின் முதன்மை ஆட்டக்காரர், 1989இல் லண்டன் ராயல் பாலேவுக்கு வந்து சேர்ந்தார். காதருகே நின்ற அவர் காலைப் பார்த்த பிறகு பழைய உயரம் பலருக்கும் குறைவாகத் தெரிய ஆரம்பித்தது.

இதற்கு விலை உண்டு, அது நேரம். கால் கூடுதல் தூரம் போய்த் திரும்ப வேண்டுமென்றால் இசை காத்திருக்க வேண்டும். பழைய பதிவுகளில் பாதங்கள் படபடவென்று பேசும். எனக்கு அந்தப் பேச்சுதான் பிடிக்கும், இன்றைய நீளமான கோடுகள் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

நல்லவேளையாக அந்தக் காலத்தின் எழுத்துப் பதிவு தப்பிப் பிழைத்திருக்கிறது. மாரியஸ் பெட்டிபா 1890இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இந்த பாலேயை உருவாக்கினார், முதல் அரோரா கார்லோட்டா பிரையான்சா. விளாதிமிர் ஸ்தெபானோவ் கண்டுபிடித்த, இசைக் குறிப்பைப் போன்ற ஒரு முறையில் அங்கே பல பாலேக்கள் எழுதிவைக்கப்பட்டன. ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு நிகோலாய் செர்கேயெவ் அந்தத் தாள்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனார். இப்போது அவை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 2015இல் அலெக்ஸி ரத்மான்ஸ்கி அவற்றைப் படித்து அமெரிக்கன் பாலே தியேட்டருக்காக ‘தூங்கும் அழகி’யை மறுபடி அமைத்தார். உயரத் தூக்கியே பழகிய ஆட்டக்காரர்கள் காலைத் தாழ்த்தி ஆடக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இசை வேகம் பிடித்தது, பாதங்கள் மறுபடி பேசின.