எவர்சில்வர் தொட்டிக்குள் தங்கும் ஆர்கான்

குன்னூர்ப் பட்டறைகளில் டிக் வெல்டிங் என்றால் சற்று யோசிப்பார்கள். அதையே ஆர்கான் வெல்டிங் என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். ராலேயும் ராம்சேயும் 1894-இல் கண்டறிந்த இந்த மந்த வாயு, நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 0.93 சதவீதம் இருக்கிறது. எதனோடும் எளிதில் வினைபுரியாததால்தான், உருகிய எவர்சில்வரைக் காற்றுப் படாமல் காத்து, பற்றவைத்த இடம் கருக்காமல் பார்த்துக்கொள்கிறது. அதற்கு நிறமோ மணமோ நச்சோ கிடையாது என்பதால் அதைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை. தொழிலகப் பாதுகாப்புப் பணியில் எனக்குக் கவலை தருவது இதுவே.

ஆர்கான் காற்றைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு கனமானது; உள்ளே இறங்கிப் பற்றவைக்கும் தொட்டியின் அடியில் தேங்கி, அங்கிருக்கும் காற்றை வெளியே தள்ளிவிடும். நான் பார்வையிட்ட ஒரு பட்டறையில், ஆர்கான் வரும் வெல்டிங் டார்ச்சின் வால்வைச் சரியாக மூடாமல் அதைத் தொட்டிக்குள்ளேயே வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். திரும்பி வந்த ஹெல்பர் அதை எடுக்க ஆள்துளை வழியாக இடுப்புவரை குனிந்தவர், அப்படியே துவண்டுபோனார். வெளியே நின்றவர் காலைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார். மூச்சு முட்டவே இல்லை என்று பிறகு சொன்னார். அது உண்மைதான், மூச்சுமுட்டலை உண்டாக்குவது பெரும்பாலும் உடலில் சேரும் கரியமில வாயுதானே தவிர ஆக்சிஜன் குறைவு அன்று.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் ஒரு மணி நேரம் கசிந்தால் 600 லிட்டர். 2,000 லிட்டர் தொட்டியில் அது சீராகக் கலந்தாலும், 20.9 சதவீத ஆக்சிஜன் சுமார் 15.5 ஆக இறங்கிவிடும்; அடியில் தேங்கினால் இன்னும் மோசம். அதோடு, சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் காற்றழுத்தமே கடல் மட்டத்தைப் போல ஐந்தில் நான்கு பங்குதான் என்பதால், அந்த 15.5 சமவெளியில் 12 சதவீதத்துக்குச் சற்று மேல் இருப்பதற்குச் சமம். மேட்டுப்பாளையத்தில் தலைசுற்றலோடு தப்பிப்பவர் இங்கே விழுந்துவிடக்கூடும்.

ஆகவே இடைவேளைக்குக் கிளம்பும்போது டார்ச்சை வெளியே எடுத்து, சிலிண்டர் வால்வையே மூடிவிட வேண்டும். இறங்குமுன் ஆக்சிஜன் மீட்டரைக் கயிற்றில் கட்டி அடிவரை விட்டுப் பார்க்க வேண்டும், 19.5-க்குக் கீழே காட்டினால் யாரும் இறங்கக் கூடாது. உள்ளே ஒருவர் விழுந்துகிடந்தாலும், காப்பாற்றும் பதற்றத்தில் சுவாசக் கருவியின்றி இறங்குபவர் இரண்டாவது ஆளாக விழுவார். தொட்டிக்குள் ப்ளோயர் குழாயை அடிவரை விட்டுக் காற்றடிக்கலாம். அதற்குப் பதிலாக ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது கூடவே கூடாது. ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் எண்ணெய் படிந்த சட்டை ஒரே தீப்பொறியில் பற்றிக்கொள்ளும்.