"சாப்பிட்டீங்களா" என்று மட்டும் கேட்டால் போதாது

வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்காரர் இல்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம், கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. மனநல ஆலோசகராக இந்தக் குடும்பங்களோடு பழகியதில் ஒன்று புரிந்தது. வயிறு சரியில்லை என்று வருகிறவர்களிடம் வீட்டில் அடி உதை உண்டா என்றும் கேட்டாக வேண்டும்.

ஒரு ஹவில்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள் (அடையாளம் தெரியக்கூடாது என்பதால் இரண்டு மூன்று பேரைக் கலந்துதான் சொல்கிறேன்). முப்பத்தெட்டு வயதில் பென்ஷனில் வந்தவர், இப்போது செக்யூரிட்டி வேலை. லங்கரில் (பட்டாளத்துச் சாப்பாட்டுக் கூடம்) ஐந்தே நிமிடத்தில் தட்டைக் காலி செய்து பழகியவர். எடை கூடினால் எல்எம்சி, அதாவது உடல்தகுதி குறைந்தவர், ஆக்கிவிடுவார்களே என்று வருடாந்தர மெடிக்கலுக்கு முந்தைய வாரம் பட்டினி கிடப்பார், முடிந்த அன்றே அள்ளி அள்ளித் தின்பார். ஊருக்கு வந்தும் அது விடவில்லை. பகலெல்லாம் டீ, ராத்திரி கேன்டீன் ரம், நடுச்சாமத்தில் கெட்ட கனவு கண்டு எழுந்தால் சட்டியில் இருப்பதெல்லாம் காலி, அப்புறம் ஒரே கூச்சம். இப்படி அடிக்கடி கட்டுப்பாடில்லாமல் தின்பதை, 'பிஞ்ச் ஈட்டிங்' என்று 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேடு தனி நோயாகவே சேர்த்தது. நம் ஊரில் அதற்குப் பெயர் கேஸ் டிரபிள்.

காலையில் சட்டியைப் பார்த்து மனைவி ஒரு வார்த்தை கேட்டால் தட்டு பறக்கும்.

அந்த அம்மா இசிஹெச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டில் வந்தார், எலும்பும் தோலுமாக. "நல்லா சாப்பிடுறா மேடம்" என்று பதில் சொன்னது பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர். அவரைச் சீட்டு வாங்கிவர அனுப்பிவிட்டு, கடைசியாக எப்போது, யாரோடு, எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். "உட்காரலை மேடம். அவர் தூங்கினப்புறம், நின்னுக்கிட்டே." சில நாள் அதையும் விரலை விட்டு வாந்தியெடுத்துவிடுவாராம். விரல் முட்டியில் தழும்பு இருந்தது. அடிக்கடி வாந்தியெடுத்தால் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தடுமாறலாம். அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, அப்புறம்தான் மற்றதெல்லாம். நாள்கணக்கில் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக நிறைய ஊட்டுவதும் ஆபத்து, சொந்தக்காரர்கள் பாசத்தில் செய்கிற தப்பு இது.

"பார்டர்ல கஷ்டப்பட்டு வந்த மனுஷன், கொஞ்சம் பொறுத்துப் போம்மா" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அவருடைய கனவுக்கும் குடிக்கும் சாப்பாட்டுக்கும் சிகிச்சை வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் வேலையிடத்தில் சூப்பர்வைசர் எவ்வளவு திட்டினாலும் அவர் கை ஓங்குவதில்லையே, வீட்டில் மட்டும்தானே ஓங்குகிறார்? இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கவுன்சலிங் செய்வதும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். அறையில் வாய் திறந்ததற்கு வீட்டில் அடி விழும்.

புகார் கொடுத்தால் அவர் ஜெயிலுக்குப் போவார், பென்ஷனும் போய்விடும் என்ற பயத்தில்தான் பல பெண்கள் வாயே திறப்பதில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் முதலில் கேட்பது பாதுகாப்பு, அதே வீட்டில் இருக்கும் உரிமை, செலவுக்குப் பணம் போன்ற உத்தரவுகள்தான். இந்தச் சட்டத்தின் கீழ், பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் அவர் மேல் குற்ற வழக்கு. வீட்டுச் செலவுக்குக் கொடுக்காமல் பட்டினி போடுவதும் இந்தச் சட்டப்படி வன்முறையே. மனு எழுத உதவுவதற்கு மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார்.

பெண்கள் உதவிக்கு 181, மனநலத்துக்கு 14416, இரண்டும் இலவசம். ராத்திரி தூக்கமில்லாமல் அடுப்படியில் நிற்கிற முன்னாள் படைவீரரும் 14416-க்குக் கூப்பிடலாம். பெண்களுக்கு ஒன்று: கணவர் உங்கள் போனை எடுத்துப் பார்ப்பவர் என்றால் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து பேசுங்கள்.